நாலு பெட்டிக் கழுதை

என்னைப் பேப்பருக்குப் படம் கீறுகிறவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோசம். ஓவியர் என்று சொன்னால் பத்திக்கொண்டு வரும். ஓவியர் என்றால் மலை கீற வேண்டும், நிலா கீற வேண்டும். நான் பிறந்து வளர்ந்த மன்னார்த் தீவில் மலை என்று ஒன்று கிடையாது. நிலாவுக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. என் சொத்தெல்லாம் ஒரு கழுதையும் ஒரு மெலிந்த மனிசனும் நாலு பெட்டியும்தான். அதை வைத்துக்கொண்டு கிழமைக்கு ஒருக்கா கொழும்புப் பேப்பரில், வெள்ளைக்காரன் காலம் முடியும்வரை, சனத்தைச் சிரிக்க வைத்தேன். அதற்கிடையில் ஒருமுறை மாட்டுப்பட்டு முழித்தேன் பாருங்கள், அந்தக் கதையைக் கேட்டவர்கள் கழுதையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

ஆரிட்டப் படம் படிச்சீங்கள் என்று கேட்பார்கள். ஒருவரிடமும் படிக்கவில்லை. மன்னார்ச் சேவேயர் கந்தோரில் எனக்கு வேலை. துரை காணி அளந்து கீறின மேப்புக்கு மேலே கீழ்க்கோடு தெரிகிற மெல்லிய துணியை விரித்து, அந்தக் கோட்டை அப்படியே மேலே இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொந்தமாக ஒரு கோடு போட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். நாள் முழுக்க மற்றவனுடைய கோட்டுக்கு மேல் கோடு இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்குமா? வந்து குந்தினதும் கண்ணில் பட்டதைக் கீறுவேன். மன்னாரில் கண்ணில் படுகிறது கழுதைதானே. கடை வாசலில் கழுதை, அரசாங்கக் கச்சேரி வாசலில் கழுதை, கோட்டைச் சுவர் நிழலில் துரையின் குதிரைக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் இன்னொரு கழுதை. அதன் மேலே ஒரு மனிசனை ஏற்றினேன். அவன் விழுந்தான். எனக்கே சிரிப்பு வந்தது. நாலு பெட்டியாகக் கட்டம் போட்டுக் கீறி, மெயில் ரயிலில் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன்.

பேப்பரின் ஆசிரியர் யாழ்ப்பாணத்து மனிதர். போட்டுவிட்டார். இன்னும் அனுப்பும் என்றார். இரண்டே நிபந்தனை. கறுப்பு மையைத் தவிர வேறொன்றும் தொடக்கூடாது. படத்துக்குள் எழுத்தும் எழுதக்கூடாது, ஏனென்றால் அச்சடிக்கத் துத்தநாகத் தகட்டில் புளொக் எடுத்துச் சின்னதாக்கும்போது எழுத்தெல்லாம் அடைபட்டு எறும்பு செத்த மாதிரிக் கிடக்குமாம். ஆகவே என் மனிசன் வாயே திறக்க மாட்டான். முதல் பெட்டியில் வெளுத்த உடுப்பும் குடையுமாக எங்கேயோ புறப்படுவான். இரண்டாம் பெட்டியில் கழுதையில் ஏறுவான். மூன்றாம் பெட்டியில் கழுதைக்குக் குணம் மாறும். நாலாம் பெட்டியில் ஆள் சேற்றில். கிழமைக்குக் கிழமை விழுகிற இடம்தான் வேறு, விழுகிறது ஒன்றுதான்.

உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. உயிருள்ளதைக் கீறினவனை மறுமையில் நிறுத்தி, இதுக்கு இப்ப உயிரைக் குடு என்று கேட்டால் நீ என்ன செய்வாய் மகன் என்று அழுவா. அந்தக் கழுதைக்கு உயிர் கொடுத்தால் அங்கேயும் யாரையாவது விழுத்துமே என்று நான் சொல்லப் போய், கரண்டியால் வாங்கினேன். கடைசியில் இரண்டு பேரும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கண் போடக்கூடாது. கண் இல்லாட்டி அது வெறும் கோடு என்று உம்மா தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டா. அதனால்தான் என் மனிசனின் தலைப்பா மூக்குவரை இறங்கியிருக்கும், கழுதையின் காது இரண்டும் கண்ணை மூடித் தொங்கும். அதைக் கொழும்பில் பெரிய பகிடி என்று கொண்டாடினார்கள். எங்கள் ஊர் ஆக்களின் வாயில் விழ வேண்டாம் என்று உம்மா கேட்டதால் படத்தில் என் பெயரும் இல்லை. கீறுகிறது யாரென்று மன்னாரில் உம்மாவைத் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது.

இனி என் மாமாவைச் சொல்ல வேண்டும். உம்மாவின் தம்பி. மன்னாருக்குத் தெற்கே கொண்டச்சியில் இருந்தார். கருவாடும் சங்கும் வாங்கி விற்கிற வியாபாரம், வீட்டோடு ஒரு கடை, கரையில் ஒரு பாய்வள்ளம். மாமி மௌத்தாகிக் கன காலம், மகள்தான் வீட்டைப் பார்த்தாள். அந்த மகள் என் மச்சி. அவளைக் கலியாணம் முடிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது உலகத்தில் இருந்த ஒரே ஆசை, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? சின்னதிலேயே பேசி வைத்தது என்று உம்மா சொல்லுவா. மாமாவிடம் கேட்டால் ஆரோட பேசினது, எப்ப பேசினது என்பார். என்னைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் அப்படி. கடலும் தெரியாது, கடையும் தெரியாது, மேப்புக்கு மேல மேப்பை வச்சு அழுத்துறவன், இவனுக்கு எப்பிடிப் பொம்பிளப் பிள்ளையைக் குடுக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அந்த வருசம் தென்மேற்கால் அடிக்கிற சோளகக் காற்றில் மாமாவின் வள்ளம் கயிறறுத்துக்கொண்டு போய்க் கடலுக்குள் இருக்கிற கற்பாரில் மோதி, அதன் விலா எலும்பெல்லாம் நொறுங்கிக் கரையில் கிடந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மாமா அன்றைக்குக் கதிரையில் குந்தினவர்தான், எழும்பவில்லை. கடை திறக்கவில்லை, தாடி சீவவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புத்தளத்துக்குப் போகிறேன் என்றார். அங்கே மாமியின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மகனும் இருந்தான். சங்கதி விளங்குகிறதுதானே? மாமா புத்தளம் போனால் மச்சியும் போனாள். உம்மா எனக்குப் பணியாரச் சட்டியைத் தூக்கித் தந்து, சனிக்கிழமை வள்ளத்தில் போய் மாமாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வா என்று தள்ளிவிட்டா.

போனேன். வெள்ளிக்கிழமைப் பேப்பர் சனி காலை மெயில் ரயிலில் மன்னாருக்கு வரும். கொண்டச்சிக் குடாவுக்குச் சாமான் கொண்டுபோகிற வள்ளத்தில் பேப்பர்க் கட்டும் போகும். அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டு நானும் போனேன். மாமாவுக்கு ஒரு பேப்பர் வரும். கருவாட்டு விலையை மச்சி வாசித்துச் சொல்லுவாள், அதற்காக எடுப்பது. ஞாயிறு காலமை நான் முன்வீட்டுக்குள் போக, மாமா கதிரையில் இருந்து சிரிக்கிறார். ஆறுதல் சொல்ல வந்தவனுக்கு எப்படி இருக்கும்? அவர் மடியில் கிடந்தது என் நாலு பெட்டி.

வா மருமகன், இதைப் பார் என்று மடியில் இருந்ததை நீட்டிக் காட்டினார். பாவம், இந்த மனிசன் சேத்தில கிடந்தவன். பிறகு கழுதை அந்தரத்தில தூக்கி எடுக்குது. பிறகு கழுதையில ராசா மாதிரி இருக்கிறான். கடைசியில பார், வெளுத்த உடுப்பும் குடையுமா மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான். இப்படிச் சொல்லிக்கொண்டே போகிறார், எனக்குத் தலை சுற்றுகிறது. அவர் விரலைப் பார்த்தேன். வலப்பக்கக் கடைசிப் பெட்டியில் வைத்து, இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மாமா ஓதுற பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்தவர். குர்ஆன் ஓதுவதும் வலமிருந்து இடம். கடைக்கணக்கு எழுதுவதும் கடிதம் எழுதுவதும் தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழில், அதுவும் வலமிருந்து இடம். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. எழுத்தில்லாத படத்தை எந்தப் பக்கத்தால் தொடங்குகிறது என்று அவருக்கு யார் சொன்னது? எங்கள் கரையில் அந்த வயதுக்காரர் பாதிப் பேர் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். நான் அதை நினைத்தும் பார்க்கவில்லை.

அவர் வெட்டி வைத்ததெல்லாம் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டி எனக்கே என் கதையைச் சொன்னார். கழுதை தலைப்பாவைத் தின்கிறதென்று நான் கீறினது, அவருக்குக் கழுதை வாயில் இருந்து முழுத் தலைப்பாவை எடுத்துக் கொடுக்கிறது. அது ஒரு கராமத்து, அவுலியாமார் காட்டுகிற அற்புதம் என்றார். காகம் மனிசனின் மீனைப் பறித்துக்கொண்டு போகிறதென்று கீறினது, காகம் வானத்தால் மீன் கொண்டுவந்து கையில் வைக்கிறது. அல்லாஹ் அளந்து வச்ச ரிஸ்க்கு இருந்தா காகமும் கொண்டுவந்து தரும் என்றார். கிணற்றில் விழுந்தவன் கிணற்றால் வருகிறான்.

"இதைக் கீறுறவன் ஆரோ, என்னை மாதிரி அடிபட்டவன்," என்றார். "அவன்ட ஆள் ஒவ்வொரு கிழமையும் அடியில இருந்துதான் தொடங்குறான். ஒருக்காவும் அடியில முடியேல்லை."

அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினார். பின்னேரம் வள்ளத்தைப் பார்க்கக் கரைக்கு வந்தார். சோளகம் முடிவதற்குள் வள்ளம் தண்ணீரில் நின்றால் கொண்டச்சியில் இருப்பேன், இல்லாவிட்டால் புத்தளம் என்று அங்கே நின்று சொன்னார். அடுத்த கிழமை தாழ்வுபாட்டில் இருந்து வள்ளம் கட்டுகிற ஒரு ஓடாவியைக் கூப்பிட்டு, விலா எலும்பு ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கிவிட்டார். என் வாழ்க்கை மாமாவின் கையில், மாமாவின் மனம் அந்த நாலு பெட்டியில். நான் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து பேனையைத் தூக்கினால் கை ஓடவில்லை. இடமிருந்து பார்த்தால் கொழும்பு சிரிக்க வேண்டும், வலமிருந்து பார்த்தால் மாமா தேற வேண்டும். இப்படி ஒரு சோலியை உலகத்தில் எவன் தலையில் போட்டுக்கொண்டான்? முதலில் சாப்பாட்டை விட்டேன். மாம்பழம் தின்கிறவனைத் திருப்பிப் பார்த்தால் கொட்டையைச் சப்பச் சப்ப மாம்பழம் வளரும், அது அருவருப்பு. சட்டிபானை உடைவதையும் விட்டேன். அடுப்புப் புகையும் உதவாது. ஏறி இறங்குகிறதுதான் சரிவந்தது. பனையில் ஏறுகிறவன், கயிறு இழுக்கிறவன், வந்து வற்றுகிற கடல். ஒருமுறை மனிசன் கழுதையில் போகிறான், பிறகு இரண்டு பேரும் நடக்கிறார்கள், பிறகு கழுதை அவன் தோளில் கையைப் போடுகிறது, கடைசியில் கழுதை அவன் முதுகில். கொழும்புக்கு அது இறக்கம், மாமாவுக்கு அது ஏற்றம். அதைக் கீறி முடித்த அன்றைக்கு எனக்கு வந்த பெருமையில் கந்தோரில் துரைக்கே சலாம் வைக்க மறந்துபோனேன்.

கிழமைக்குக் கிழமை கொண்டச்சிக்குப் போனேன். உம்மா கேட்காமலே பணியாரச் சட்டியைத் தூக்கினேன். வள்ளத்துக்குப் புது விலாவாக வங்கு வந்தது, பலகை வந்தது, சுறா எண்ணெய் பூசின மணம் வீடுவரை வந்தது. மாமா என்னோடு கதைப்பதெல்லாம் படம் கீறுகிறவனைப் பற்றித்தான். இப்படி ஒரு புத்தியுள்ள மனிசன் கொழும்பில இருக்கிறான், நீயும் இருக்கிறாயே என்று சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்ப்பார். என்னை ஏசுகிற அதே வாயால் என்னையே புகழ்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? கதவுத் திரைக்குப் பின்னால் மச்சி தேத்தண்ணி வைத்துவிட்டுப் போவாள். சில நேரம் அங்கே ஒரு சிரிப்பு அடங்குகிற சத்தம் கேட்கும். நான் அதைக் கவனிக்கவில்லை, கவனித்திருக்க வேண்டும்.

அப்போதுதான் ஆசிரியர் என்னை வரச்சொல்லிக் கடிதம் போட்டார். லீவு எடுத்துக்கொண்டு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போனேன். மனிதர் நல்லவர், ஆனால் சுற்றி வளைக்க மாட்டார். உம்மட ஆள் முந்தி ஒழுங்கா விழுந்தவன், இப்ப என்ன வருத்தம் அவனுக்கு என்று கேட்டார். ஏறுகிறானா இறங்குகிறானா என்று சனத்துக்கு விளங்கவில்லையாம். சிலபேர் இந்தப் பக்கத்தால் பார்க்கிறார்களாம், சிலபேர் அந்தப் பக்கத்தால் பார்க்கிறார்களாம், அச்சுக்கோக்கிறவர்களுக்கிடையே அடிபிடியே வந்துவிட்டதாம். இனி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இலக்கம் போடப் போகிறோம், ஆள் விழவும் வேண்டும், இல்லாவிட்டால் இதோடு நிற்பாட்டுவோம் என்றார்.

மறைக்க முடியாமல் மாமாவின் கதையைச் சொல்லிவிட்டேன். மனிதர் சிரித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, பேப்பர் உம்மட மாமாவுக்கு மட்டும் அடிக்கிறேல்லை," என்றார். அதோடு என் கையில் இருந்த சுருளை வாங்கி விரித்தார். அது மாமாவுக்கென்றே கீறினது. வலமிருந்து பார்த்தால், முதலில் கடல், தண்ணீருக்கு மேல் தலைப்பாவின் நுனி மட்டும் தெரியும். பிறகு மனிசன் கயிற்றைப் பிடித்து மேலே வருகிறான். பிறகு கழுதையும் வள்ளமும் மிதக்கிறது. கடைசியில் புதுத் தலைப்பாவோடு கரையில், பூச்சுப் பூசின புது வள்ளத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறான். மாமாவின் வள்ளம் இறங்குகிற கிழமைக்கென்று பார்த்துப் பார்த்துக் கீறினேன். ஆசிரியர் அதை இடமிருந்து பார்த்தார். கரையில் நின்றவன் கடலுக்கடியில் போகிறான். இதுதான் வேணும், இதுதான் பழைய ஆள் என்று மேசையில் தட்டினார். அங்கேயே இலக்கம் போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டார். நான் பேய் அறைந்தவன் மாதிரி ரயிலேறினேன்.

அது வந்த சனிக்கிழமை, பேப்பர்க் கட்டும் நானும் அதே வள்ளத்தில். மறுநாள் ஞாயிறு பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு மாமாவின் வள்ளம் இறக்குவதென்று நாள் வைத்திருந்தார்கள். வள்ளம் தண்ணீர் தொடப் போகிற நாளில், வள்ளத்தோடு ஒருவன் கடலுக்குள் தாழ்கிற படம், ஒன்று இரண்டு மூன்று நாலு என்று இலக்கமும் போட்டு. அதைவிடக் கெட்ட சகுனம் ஒருவன் தேடினாலும் கிடைக்காது. பேப்பர்க் கட்டைக் காலால் கடலில் தள்ளிவிடலாமா என்று வழிமுழுக்க யோசித்தேன். வள்ளம் ஓட்டின தண்டையல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதோ தம்பி என்று கேட்டார். ஓம் என்றேன். பொய்யும் இல்லை.

காலமை மாமா புதுச் சாரம் உடுத்து, தாடி சீவி, கதிரையில் இருந்து பேப்பரை விரித்தார். நான் எதிரே பாயில் இருந்தேன். விரல் வலப்பக்கத்தில் தொடங்கியது. தலைப்பா நுனி, கயிறு, மிதக்கிற வள்ளம், கரை. முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, கண் கலங்கிவிட்டது. இது என்ட வள்ளம் மருமகன், முன்பக்க அணியத்தைப் பார், என்ட வள்ளமேதான் என்றார். அப்படியே கண்ணைத் துடைத்தவர், பெட்டிக்குள் இருந்த இலக்கத்தைக் கண்டார். சாக்கிலும் படிக்கல்லிலும் பார்த்துப் பழகின இலக்கம் அவருக்குத் தெரியாதா? நாலு, மூண்டு, ரெண்டு, ஒண்டு என்று விரலால் தொட்டுச் சொன்னார். முகம் கறுத்தது.

கழுதைப் பயலுகள், இலக்கத்தை மாத்திப் போட்டிருக்கிறாங்கள் என்று கத்தினார். கீறினவன் பாவம் எவ்வளவு பாடுபட்டிருப்பான், அச்சடிக்கிறவங்கள் அதை நாசமாக்கிப்போட்டாங்கள், நீ கந்தோரில வேலை செய்யிறவன், உடனே பேப்பருக்கு எழுது, நான் சொல்லுறன் என்றார். பேனையும் மையும் வந்தது. எனக்கு உடம்பில் உயிர் திரும்பி வந்தது. எழுதுகிறது, மடிக்கிறது, தபாலில் போடாமல் விடுகிறது, பின்னேரம் வள்ளத்தைத் தள்ளுகிறது. இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டு பேனையைத் தோய்த்தேன்.

"வாப்பா, பேப்பருக்கு எழுதத் தேவையில்லை," என்று திரைக்குப் பின்னால் மச்சி சொன்னாள். "கீறுறவர் உங்களுக்கு முன்னாலதான் இருக்கிறார். அவரிட்டயே கேளுங்கோ."

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எப்போதிருந்து அவளுக்குத் தெரியும்? பிறகொரு நாள் கேட்டேன். பேப்பர் வருகிற நாளெல்லாம் வருகிறேனாம், பேப்பரைப் பார்க்காமல் வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறேனாம், இதைக் கண்டுபிடிக்கத் துரைமார் வர வேணுமோ என்று கேட்டாள். அன்றைக்கு ஏன் வாயைத் திறந்தாள் என்பதற்கும் அவளிடம் நியாயம் இருந்தது. பின்னேரம் கடற்கரையில் ஊர்ச்சனம் முழுக்க நிற்கும். அதில் பேப்பர் பார்க்கிற யாராவது ஒருவன் வாப்பாவுக்குச் சரியான கதையைச் சொல்லிச் சிரிப்பான். அதற்கு முதல் வீட்டுக்குள்ளேயே தெரியட்டும் என்று நினைத்தாளாம்.

மாமா என்னைப் பார்த்தார். என் விரலில் எப்போதும் போகாத கறுப்பு மையைப் பார்த்தார். நீயோ என்று கேட்டார். ஓம் மாமா என்றேன். அப்ப இந்த இலக்கம் என்றார். இலக்கம் சரி மாமா, இடப்பக்கத்தால்தான் பார்க்க வேணும் என்றேன்.

அவர் இடப்பக்கத்தில் விரலை வைத்து மற்றப் பக்கம்வரை கொண்டுபோனார். பிறகு எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். ஒட்டியிருந்த ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழே அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார். சேற்றில் விழுகிறான். கிணற்றில் விழுகிறான். தலைப்பாவைக் கழுதை தின்கிறது, மீனைக் காகம் கொண்டுபோகிறது. மாமாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு கூனத் தொடங்கினால் வள்ளமும் இல்லை, கொண்டச்சியும் இல்லை, மச்சியும் இல்லை.

மாமா திரும்பி வந்து கதிரையில் இருந்தார். கோபம் இல்லை. கருவாட்டு நிறையில் ஏதோ பிழை கண்டவர் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு கிழமையும் கடைசியில விழுறான்," என்றார்.

"ஓம் மாமா."

"அடுத்த கிழமை முதல் பெட்டியில வெளுத்த உடுப்போட நிக்கிறான்."

"ஓம்."

"அப்ப அந்தச் சேத்தில இருந்து அவனை ஆர் தூக்கிவிட்டது?"

அவ்வளவு காலம் அந்த மனிசனை விழுத்தினேன், அடுத்த கிழமைக்கு மறுபடி நிறுத்தினேன், நடுவில் என்ன நடந்தது என்று ஒருக்காவாவது யோசித்தேனா? ஒருவரும் தூக்கிவிடவில்லை மாமா, நான் அதைக் கீறவில்லை என்றேன்.

"நீ கீறேல்லை. ஆனா அவன் எழும்பினவன்," என்றார் மாமா. "அதைத்தான் நான் பாத்தனான். நீ விழுத்து, பேப்பர்காரன் கேக்கிறபடி விழுத்து. எழும்புறதை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

பேப்பரை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். வாற கிழமை உன்ட உம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, கலியாணக் கதை கதைக்க ஆம்பிளைப் பிள்ளை தனியா வந்து நிக்கிறது எங்கட வழக்கம் இல்லை, புத்தளத்தாக்களுக்கு நான் சொல்லி அனுப்புறன் என்று அதே மூச்சில் சொன்னார். எனக்குக் கால் இரண்டும் பாயோடு ஒட்டிக்கொண்டது. சந்தோசத்தில் அழுகைதான் வந்தது. மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன இன்னும் இருக்கிறாய்? எழும்பு. வள்ளம் தள்ள ஆள் காணாது."